மைவி 1.3 ஒரிஜினல் சவுண்டு: 900 வெள்ளிக்குள்ள எதை முதல்ல மாத்தணும்?

செந்தூல்_1300:

வணக்கம் அண்ணன்மாரே. காடி 2013 பெரோடுவா மைவி 1.3 ஆட்டோ, ரெண்டாவது தலைமுறை. ஒரிஜினல் பிளேயர்தான் இன்னும் ஓடுது. சிடி, யூஎஸ்பி, ஏயூஎக்ஸ் இருக்கு; ப்ளூடூத் இல்ல. முன் கதவுல ரெண்டு ஸ்பீக்கர், பின்னால ரெண்டு. உயர் சுரத்துக்குன்னு தனி ட்வீட்டர் கிடையாது.

பிரச்சினை என்னன்னா, வால்யூமைப் பாதிக்கு மேல ஏத்தினா கத்த ஆரம்பிக்குது. தவில் அடி அட்டைப்பெட்டியைத் தட்டுற மாதிரி கேக்குது, நாதஸ்வரம் காதைக் கிழிக்குது. பேஸை ஏத்தினா கதவுத் தட்டி அதிருது. எம்ஆர்ஆர்2 ரோட்டுல 90-ல போனா டயர் சத்தத்துல பாட்டு வரியே புரியல.

ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு கடையில 1,350 வெள்ளி சொன்னாங்க. 9 இஞ்சு அண்ட்ராய்டு பிளேயர், நாலு கோஆக்சியல் ஸ்பீக்கர் (நடுவுலயே ட்வீட்டர் இருக்கிறது), கதவுக்கு சவுண்ட்ப்ரூஃப், கூலி எல்லாம் சேர்த்து. என்கிட்ட 900 தான் இருக்கு. மல்டிமீட்டர், ஸ்பேனர் செட் இருக்கு, நானே செய்யவும் தயார். பிளேயர் முதல்லயா, ஸ்பீக்கர் முதல்லயா? ஒரிஜினல் ஒயரை வெட்டாம செய்ய முடியுமா? சீட்டுக்கு அடியில வைக்கிற வூஃபர் அவசியமா?


கிள்ளான்_ஒயர்மேன்:

தம்பி, அந்த 1,350-ல பெரும்பகுதி திரைக்குப் போகுது. உங்க குறை திரையில இல்ல, கதவுல இருக்கு. 900-ஐ இப்படிப் பிரிங்க: முன் கதவு ஸ்பீக்கர் ஒரு ஜோடிக்கு 200-லிருந்து 250. அதிர்வை அடக்க கதவுக்கு ஒட்டுற பியூட்டைல் ஷீட்டுக்கு 120. ஸ்பீக்கர் வளையம், கிளிப், சாக்கெட், டேப்புன்னு சில்லறைக்கு 80. சிடி இல்லாத ப்ளூடூத் பிளேயருக்கு 300. மிச்சம் 150-ஐ கையில வச்சுக்குங்க, வேலை முடியுறதுக்குள்ள ஏதாவது ஒண்ணு கேக்கும். பின் ஸ்பீக்கரைத் தொடவே வேண்டாம். முன்னால உக்காந்து கேக்குறவருக்கு அதால பெரிய பலன் இல்ல. சத்தத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற ஃபேடரைக் கொஞ்சம் முன்னால தள்ளி வச்சா போதும்.

ஏன் கத்துதுன்னு தெரிஞ்சுக்கிட்டா காசு வீணாகாது. பெட்டியில "50 வாட் x 4"னு போட்டிருக்கும். அது உச்சக் கணக்கு. பிளேயருக்குள்ள ஸ்பீக்கரை ஓட்டுற ஐசி சில்லு 14.4 வோல்ட்டுல ஓடுது, 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதால சுத்தமா குடுக்க முடியறது 15-லிருந்து 20 வாட் வரைக்கும்தான். அதுக்கு மேல கேட்டா அலையோட தலையை வெட்டிடும். நீங்க கத்தல்னு சொல்றது அந்த வெட்டுதான். பேஸை ஏத்துனா இன்னும் சீக்கிரமா வெட்டும், ஏன்னா வாட்டை எல்லாம் சாப்பிடுறதே பேஸ்தான். அதனால ஸ்பீக்கர் வாங்கும்போது "300 வாட் மேக்ஸ்"ங்கிற எழுத்தைப் பார்க்காதீங்க. சென்சிட்டிவிட்டி, அதாவது அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் குடுக்குதுங்கிறது, எத்தனை டெசிபெல்னு பாருங்க. 88-க்கும் 91-க்கும் 3 டெசிபெல்தான் வித்தியாசம், ஆனா அதே 18 வாட்டுல 91 காரன் குடுக்குற சத்தத்துக்கு 88 காரனுக்கு 36 வாட் வேணும். தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போடாம பிளேயர்லயே ஓட்டப் போறீங்கன்னா 90-க்குக் கீழ வாங்க வேண்டாம்.

இப்போ ஒயர். பெரோடுவாவுல பெரும்பாலும் டொயோட்டா மாதிரி 10 பின், 6 பின் சாக்கெட்தான் வரும். அதுக்குப் பொருந்துற பெண் சாக்கெட் ஒயரோட ரெடியா கிடைக்குது. அதை உங்க புதுப் பிளேயர் ஒயரோட இணைச்சிட்டா காடியோட ஒயர் ஒண்ணைக்கூட வெட்ட வேண்டியதில்ல. நாளைக்குக் காடியை விக்கும்போது ஒரிஜினல் பிளேயரை அப்படியே திருப்பிச் செருகிடலாம்.

புதுப் பிளேயர் பக்கத்து நிறங்கள் எல்லா பிராண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். மஞ்சள் பேட்டரி நேரடி, சிவப்பு சாவி போட்டா வர்ற கரண்ட் (ஏசிசி), கறுப்பு எர்த்து, நீலத்துல வெள்ளைக் கோடு ஆம்புக்கு, வெறும் நீலம் ஏரியலுக்கு. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது எல்லாம் மைனஸ். இதை மனசுல வச்சுக்கிட்டு காடி பக்கத்து ஒயரைப் பார்த்தா மாட்டிக்குவீங்க. டொயோட்டா ஒயரிங்குல எர்த்து பழுப்பு நிறம். கறுப்பு பின் இடது ஸ்பீக்கரோட பிளஸ், மஞ்சள் அதோட மைனஸ், சிவப்பு பின் வலது ஸ்பீக்கரோட பிளஸ்! மஞ்சளுக்கு மஞ்சள், சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்புன்னு நிறம் பார்த்துக் கட்டினா, பிளேயருக்குப் போக வேண்டிய கரண்டு எல்லாம் ஸ்பீக்கர் ஒயர்ல நிக்கும், ஐசி போச்சு. பெரோடுவாவுல நிறம் மாறியும் வரலாம், அதனால நிறத்தை நம்பாம மீட்டர் வச்சுப் பாருங்க. சாவி எடுத்த பிறகும் 12 வோல்ட் காட்டுறது நேரடி. சாவியை ஏசிசி-க்குத் திருப்பினா மட்டும் காட்டுறது ஏசிசி. பாடிக்கும் அந்த ஒயருக்கும் பீப் அடிச்சா எர்த்து. ரெண்டு ஒயருக்கு நடுவுல 3-லிருந்து 4 ஓம் காட்டினா ஸ்பீக்கர் ஜோடி.

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினா ஒவ்வொரு தடவை சாவி எடுக்கும்போதும் ரேடியோ ஸ்டேஷன், ப்ளூடூத் எல்லாம் அழிஞ்சிடும். ரெண்டையும் நேரடியில கட்டினா பிளேயர் தூங்கவே தூங்காது, ரெண்டு மூணு நாள் நிறுத்தி வச்சா பேட்டரி செத்துடும்.

இணைப்புக்கு ஒயரை முறுக்கி கறுப்பு டேப் சுத்தாதீங்க. டேஷ்போர்டு சூட்டுல அந்தப் பசை உருகி டேப் கழண்டுக்கும். கிரிம்ப் போட்டு ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏத்துங்க, இல்லன்னா சோல்டர் போட்டு ஹீட் ஷ்ரிங்க். கட்டெல்லாம் முடிஞ்சதும் மொத்தக் கட்டையும் துணி டேப்பால சுத்துங்க, உள்ள கடகடன்னு ஆடாது. வேலை ஆரம்பிக்கும் முன்னால பேட்டரி மைனஸைக் கழட்டிடுங்க, 10 எம்எம் ஸ்பேனர் போதும்.

ராகா, மின்னல் ரேடியோ கேக்குறவரா இருந்தா அந்த நீல ஒயரை மறக்காதீங்க. ஏரியல் அடியில பூஸ்டர் இருக்கிற காடியில அதுக்கு கரண்ட் போகலன்னா, ஊருக்குள்ள நல்லா கேக்கும், காராக் பக்கம் ஏறினா இரையும்.

பிளேயர் வாங்கும் முன்னால உங்க டேஷ் ஓட்டையை அளந்துடுங்க. சாதாரண டபுள் டின் அளவுப் பிளேயர் 178 எம்எம் அகலம், டொயோட்டா வகை 200 எம்எம். பிளேயரைச் சுத்தி வர்ற கேசிங் அதுக்கேத்த மாதிரி வாங்கணும்.


பாலம்_தாண்டி:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். ஒயர்மேன் அண்ணன் சொன்னதற்கு மேல் கதவு வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் நல்ல ஸ்பீக்கரை வாங்கி, பழைய ஓட்டையில் அப்படியே முடுக்கிவிட்டு, "காசு வீண்" என்கிறார்கள். குறை ஸ்பீக்கரில் இல்லை.

ஸ்பீக்கர் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டும் ஒரு சிறு இடைவெளி வழியாகச் சந்தித்தால் பேஸ் முதலில் கரைந்து போகும். கதவின் உள்தகட்டில் கை நுழையும் அளவு ஓட்டைகள் இருக்கும், அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டும். தவில் அடி அட்டையாகக் கேட்பது இதனால்தான். கதவை ஸ்பீக்கருக்கு ஒரு பெட்டியாக மாற்றுவதே சவுண்ட்ப்ரூஃப் வேலையின் முதல் பயன். டயர் சத்தம் குறைவது கூடுதல் லாபம். ஆனால் அதில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம், டயர் சத்தத்தில் பாதிக்கு மேல் தரை வழியாகவும் சக்கர வளைவு வழியாகவும் வருவது.

கதவு அட்டையைக் கழற்ற: கைப்பிடிக் குழியிலும் உள்திறப்புக் கைப்பிடிக்குப் பின்னும் ஸ்குரு மூடிகள் இருக்கும், அவற்றைத் திறந்து ஸ்குருவை எடுங்கள். கண்ணாடி முக்கோண மூடியைக் கழற்றுங்கள். பிறகு கீழ் ஓரத்தில் பிளாஸ்டிக் நெம்புகோலைச் செருகி ஒவ்வொரு கிளிப்பாக விடுவித்து, கடைசியில் அட்டையை மேல்நோக்கித் தூக்க வேண்டும். இரும்பு ஸ்குரு டிரைவரால் நெம்பினால் பெயிண்ட் போகும், பழைய கிளிப்பும் உடையும். பத்துக் கிளிப் உபரியாக வாங்கி வையுங்கள். பவர் விண்டோ சாக்கெட்டைக் கழற்றும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, ஸ்பீக்கர் ஓட்டையின் விளிம்பிலிருந்து கண்ணாடி வரை எத்தனை எம்எம் ஆழம் என்று அளந்துகொள்ளுங்கள். இந்த ஓர் எண் இல்லாமல் ஸ்பீக்கர் வாங்கக் கூடாது.

உள்ளே வெளித்தகட்டைத் துடைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகச் சுத்தம் செய்து, காய்ந்த பிறகு 2 எம்எம் பியூட்டைல் ஷீட்டை ஒட்டுங்கள். முழுத் தகட்டையும் மூட வேண்டிய அவசியம் இல்லை. தட்டிப் பார்த்து "டங்" என்று ஒலிக்கும் நடுப்பகுதிகளில் மூன்றில் ஒரு பங்கு மூடினாலே தகடு அடங்கிவிடும். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் மட்டும் முழுதாக ஒட்டுங்கள். உருளைக் கருவியால் அழுத்த வேண்டும். அலுமினியத் தாளில் இருக்கும் புடைப்புக் கோலம் தட்டையாகும் வரை அழுத்தினால் சரியாக ஒட்டியது என்று பொருள். விலை மலிவு என்று தார் கலந்த ஷீட்டை வாங்காதீர்கள். நம் ஊர் மதிய வெயிலில் வெளித்தகடு கை வைக்க முடியாத சூடாகும், தார் இளகி வழிந்து கதவின் அடியில் போய்ச் சேரும், வாடையும் காடிக்குள் நிற்கும்.

அடுத்து உள்தகட்டின் பெரிய ஓட்டைகள். அவற்றின் மேல் 1 எம்எம் அலுமினியத் தகடோ கெட்டியான பிளாஸ்டிக் தகடோ வைத்து, அதன்மேல் பியூட்டைல் ஒட்டுங்கள். வெறும் பியூட்டைலை ஓட்டைக்குக் குறுக்கே ஒட்டினால் அதுவே பறை போல அதிரும். கண்ணாடி மோட்டார் இருக்கும் பக்கத்து மூடியைத் தனித் துண்டாக வையுங்கள், நாளை மோட்டார் பழுதானால் அதை மட்டும் உரித்தால் போதும்.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை. மழைநீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கித்தான் தீரும். எல்லாக் காடியும் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் துளைகள் வழியாக அது வெளியேறும். அந்தத் துளைகளில் ஒன்றைக்கூட ஷீட்டோ பசையோ அடைக்கக் கூடாது. அடைத்தால் ஒரு மழைக்காலத்தில் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். வேலை முடிந்ததும் அட்டையை மாட்டும் முன் கண்ணாடி மேல் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முழுதும் கீழே சொட்ட வேண்டும், உள்பக்கம் ஒரு துளியும் வரக் கூடாது. அந்தப் பிளாஸ்டிக் தாளை எடுத்தால், ஓட்டைகள் முழுதும் மூடப்பட்டிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தாளையே மறுபடி ஒட்டுங்கள்.

ஸ்பீக்கர் வளையத்துக்கும் இதே காரணம். எம்டிஎஃப் பலகை வளையம் மலிவு, ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் வளையம் வாங்குங்கள். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய ஃபோம் பட்டை, ஸ்பீக்கரின் முன் விளிம்பைச் சுற்றி 10 எம்எம் ஃபோம் பட்டை. முன்பட்டை கதவு அட்டையை அழுத்தி நிற்க வேண்டும், அப்போதுதான் ஓசை அட்டைக்குப் பின்னால் பரவாமல் கிரில் வழியாக வெளியே வரும்.


செந்தூல்_1300:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். இடது முன் கதவைத் திறந்து பார்த்தேன். பழைய ஸ்பீக்கரோட கூடு முழுக்க பிளாஸ்டிக், காந்தம் 50 சென் காசை விடக் கொஞ்சம்தான் பெருசு. கண்ணாடி இறக்கி அளந்ததுல 52 எம்எம் இருக்கு. பார்த்து வச்சிருக்கிற 6.5 இஞ்சு ஸ்பீக்கருக்கு 58 எம்எம் ஆழம் வேணும்னு பெட்டியில போட்டிருக்கு. வளையம் எத்தனை எம்எம் வாங்கட்டும்? கோஆக்சியலா, ட்வீட்டர் தனியா வர்ற கம்போனென்ட்டா?


பாலம்_தாண்டி:

58 கழித்தல் 52, ஆறு எம்எம் குறைகிறது. அதற்கு மேல் இடைவெளிக்கு 5 எம்எம்-ஆவது விடுங்கள். கண்ணாடி இறங்கும்போது கொஞ்சம் ஆடும். ஆக 11 எம்எம்-க்குக் குறையாத வளையம், கடையில் கிடைக்கும் அளவில் 15 எம்எம் எடுங்கள். ஆனால் 20-க்குப் போகும் முன் மறுபக்கத்தையும் பாருங்கள்: கோஆக்சியலின் நடுவில் ட்வீட்டர் மேடு போல நீட்டிக்கொண்டிருக்கும், அது கதவு அட்டையின் கிரிலில் முட்டக் கூடாது. அட்டையின் உட்பக்கத்தில் மாவு உருண்டை ஒன்றை ஒட்டி, அட்டையை ஒருமுறை அழுத்தி எடுத்தால் எத்தனை எம்எம் இடம் இருக்கிறது என்று உருண்டையே காட்டிவிடும்.

கோஆக்சியலா கம்போனென்ட்டா என்பதற்கு நண்பர் யாராவது சொல்லட்டும், எனக்கு இந்த பட்ஜெட்டில் கோஆக்சியல் போதும் என்று தோன்றுகிறது.


டைம்_அலைன்மென்ட்:

நான் கம்போனென்ட் பக்கம். கதவு ஸ்பீக்கர் முழங்காலைப் பார்த்துப் பாடுது. உயர் சுரம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேரா மட்டும் போகும், அதனால கோஆக்சியல் ட்வீட்டர்ல வர்றதுல பாதி உங்க கால்லயும் சீட்டு துணியிலயும் அடங்கிடும். ட்வீட்டரை கண்ணாடி முக்கோணத்துல வச்சா பாடகர் குரல் டேஷ்போர்டுக்கு மேல ஏறி வரும். வரி புரியலன்னு சொன்னீங்களே, அதுக்கு இதுதான் மருந்து. ட்வீட்டர் ஒயர்ல வர்ற கெபாசிட்டரை வெட்டி எறியாதீங்க, அது இல்லன்னா பேஸ் நேரா ட்வீட்டருக்குப் போய் முதல் நாளே எரிஞ்சிடும்.

இன்னொண்ணு, ஒயர்மேன் அண்ணன் பிளேயரைக் கடைசிக்குத் தள்ளிட்டாரு. அதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஹை பாஸ் ஃபில்டரும் (கீழ் பேஸை வெட்டுறது) டைம் அலைன்மென்ட்டும் (ஸ்பீக்கர் தூரத்துக்கேத்த மாதிரி ஒலியைத் தாமதப்படுத்துறது) உள்ள பிளேயர்னா அதுவே பாதி வேலையை முடிச்சிடும். அதே சத்தத்துக்கு 80 ஹெர்ட்ஸ் அடிக்கிற கோனைவிட 40 ஹெர்ட்ஸ் அடிக்கிற கோன் நாலு மடங்கு தூரம் ஆடணும். 6.5 இஞ்சால அது முடியாது, ஆனா முயற்சி பண்ணும், அந்த முயற்சியிலதான் வாட்டும் போகும், கதவும் அதிரும். 80 இல்ல 100 ஹெர்ட்ஸ்ல ஹை பாஸ் போட்டுப் பாருங்க, அதே ஸ்பீக்கர் ரெண்டு படி கூட வால்யூம் தாங்கும்.

நம்ம ஊர்ல ஸ்டீரிங் வலது பக்கம். வலது ஸ்பீக்கர் உங்களுக்கு ஏறக்குறைய 90 சென்டிமீட்டர், இடது 140. அந்த 50 சென்டிமீட்டரைக் கடக்க ஒலிக்கு ஒன்றரை மில்லிசெகண்டு ஆகும். வலதை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தினா குரல் நடுவுல வந்து நிக்கும். தூரத்தை டேப் வச்சு காதுலேர்ந்து அளந்து போடுங்க, கண் மதிப்பு வேண்டாம்.


கிள்ளான்_ஒயர்மேன்:

ஹை பாஸ் பத்தி சொன்னது நியாயம், வாங்குற பிளேயர்ல அது கண்டிப்பா இருக்கணும். ஆனா கதவு ஓட்டையா இருக்கும்போது டைம் அலைன்மென்ட் போட்டு என்ன பலன்? வரிசை மாறக் கூடாது தம்பி: கதவு, முன் ஸ்பீக்கர், பிளேயர். பழைய பிளேயர்லயே புது ஸ்பீக்கரை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, எவ்வளவு கதவால வந்ததுன்னு தெரியும்.

அண்ட்ராய்டு பிளேயர் வேண்டவே வேண்டாம்னு சொல்லல, வழி காட்டுற வேஸ் ஆப், ரிவர்ஸ் கேமரா எல்லாம் வேணும்னா அதுதான் வசதி. ஆனா 300 வெள்ளி அண்ட்ராய்டுல காசு திரையிலயும் மெமரியிலயும் போயிடும், ஒலிக்கு மிஞ்சறது கொஞ்சம். அதே 300-க்கு பயனியர், கென்வூட், சோனி மாதிரி பிராண்டோட சாதாரண ப்ளூடூத் பிளேயர்ல சவுண்டு சுத்தமா இருக்கும். அண்ட்ராய்டு எடுத்தா இன்னொரு சோதனை: காடியைப் பூட்டி அரை மணி நேரம் கழிச்சு பேட்டரி மைனஸ்ல மீட்டரை ஆம்பியர்ல வச்சு அளங்க. மொத்தக் காடியும் 50 மில்லிஆம்பியருக்குள்ள இருக்கணும். மைவிக்குச் சின்ன பேட்டரி, தூங்காத பிளேயரைத் தாங்காது. மீட்டர் மாட்டியிருக்கும்போது கதவைத் திறக்கவோ சாவி போடவோ கூடாது, மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

ஸ்பீக்கர் மாட்டும்போது பிளஸ் மைனஸ் பாருங்க. முனையில அகலமானது பிளஸ், குறுகினது மைனஸ். காடி ஒயர்ல எது பிளஸ்னு சந்தேகம் வந்தா, பழைய ஸ்பீக்கரைக் கழட்டும் முன்னால 1.5 வோல்ட் பேட்டரியை அந்த ஒயர்ல தொட்டுப் பாருங்க, பிளேயர் சாக்கெட்டைக் கழட்டிட்டு. கோன் வெளிய வந்தா பேட்டரியோட பிளஸ் தொட்ட ஒயர்தான் பிளஸ். ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனா சத்தம் இருக்கும், பேஸ் இருக்காது, குரல் எங்கேருந்து வருதுன்னே தெரியாது. நல்லா செஞ்ச வேலை எல்லாம் இந்த ஒரு இடத்துல கெட்டுப்போகும்.


ஜெலுத்தோங்_பேஸ்:

சீட்டு அடி வூஃபர் பத்தி யாரும் சொல்லலியே. கதவு வேலை முடிஞ்ச பிறகும் தவிலோட தொப்பி அடி பத்தலன்னா அடுத்த சுற்றுல வாங்குங்க, இப்போ வேண்டாம். ஆனா வாங்கப் போறீங்கன்னா இப்பவே ரெண்டு விஷயத்தைத் தயாரா வைங்க. பிளேயர்ல சப்வூஃபருக்கு ஒலி சிக்னல் குடுக்கிற ஆர்சிஏ சாக்கெட் இருக்கணும். டேஷ் திறந்திருக்கும்போதே ஆர்சிஏ ஒயரையும், நீலத்துல வெள்ளைக் கோடு ஒயரையும் சீட்டு வரைக்கும் இழுத்து வச்சிடுங்க. ரெண்டாவது தடவை டேஷைத் திறந்தா கிளிப் தளர்ந்து கடகடக்கும்.

உயரத்தை அளங்க. இந்த வகை வூஃபர் பெரும்பாலும் 7, 8 சென்டிமீட்டர் உயரம். சீட்டை முழுக்க முன்னாலயும் பின்னாலயும் தள்ளி, மேல ஆள் உக்கார வச்சு அளக்கணும், சீட்டுக் கம்பி கீழ இறங்கும். ஓட்டுநர் சீட்டு அடியில வைக்காதீங்க, கழண்டு முன்னால வந்தா பிரேக் பெடலுக்கு அடியில போய் நிக்கும். இடது சீட்டுதான் சரி, ஆனா அங்க ஒரு ஆபத்து இருக்கு. நம்ம காடியில ஏர்கோன் கூலிங் காயில் இடது டேஷுக்குப் பின்னால. அதோட தண்ணிக் குழாய் தூசியால அடைச்சா தண்ணி இடது பக்க கார்பெட்டுக்குத்தான் இறங்கும், வூஃபர் ஆம்ப் அதுல ஊறிடும். வைக்கும் முன்னால கார்பெட்டுக்கு அடியில கையை விட்டு ஈரம் இருக்கான்னு பாருங்க. ஏர்கோன் ஓடும்போது காடிக்கு அடியில தண்ணி சொட்டுதான்னும் பாருங்க, சொட்டலன்னா குழாய் அடைச்சிருக்கு. வூஃபரைக் கார்பெட்டு மேல படுக்க விடாம ரெண்டு சென்டிமீட்டர் தூக்கி பிராக்கெட்ல கட்டுங்க.

கரண்டை பிளேயர் பின்னாலிருந்து எடுக்கக் கூடாது, நேரா பேட்டரியிலிருந்துதான். ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். அந்த ஃபியூஸ் வூஃபரைக் காப்பாத்த இல்ல, ஒயரைக் காப்பாத்த. ஒயர் எங்கயாவது உரசி பாடியைத் தொட்டா, ஃபியூஸ் தள்ளி இருந்தா, நடுவுல உள்ள ஒயர் தீப்பிடிக்கும். ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுத் தகடு) ஏற்கனவே ரப்பர் குரோமெட் உள்ள துளை வழியா மட்டும் இழுங்க.

8 கேஜ் கரண்ட் ஒயர்னு சொல்லி விக்கிறதுல பலது தாமிரம் பூசின அலுமினியம். ஒயரை வெட்டி இழை முனையைப் பாருங்க, உள்ள வெள்ளையா இருந்தா அலுமினியம். அதே தடிமனுக்கு தாமிரத்தைவிட ஒண்ணரை மடங்குக்கு மேல தடை. நல்ல 8 கேஜ் தாமிரம் 8 சதுர எம்எம் சொச்சம். கேஜ் எண்ணை விட்டுட்டு சதுர எம்எம் கேட்டு வாங்குங்க. ஜாலான் பாசார் எலெக்ட்ரானிக் கடையில மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க, கிட் பெட்டி வாங்கத் தேவையில்ல. கரண்ட் ஒயரை ஒரு பக்கக் கதவோரமாவும், ஆர்சிஏ-வை மறுபக்கமாவும் விடுங்க.

வச்ச பிறகு: பிளேயர்ல ஹை பாஸ் 80, வூஃபர்ல லோ பாஸ் (பேஸை மட்டும் விடுறது) 80. ஃபேஸ் சுவிட்சை 0, 180 ரெண்டுலயும் வச்சு ஓட்டுநர் சீட்டுல உக்காந்து கேளுங்க, எதுல பேஸ் தடியா இருக்கோ அதுதான் சரி. கெயினை (வூஃபர் சத்த அளவு) பாட்டுல வூஃபர் இருக்குன்னு தனியாத் தெரியாத அளவுக்கு மட்டும் ஏத்துங்க.


செந்தூல்_1300:

ரெண்டு முன் கதவும் முடிச்சாச்சு, கோஆக்சியல்தான் எடுத்தேன், 91 டெசிபெல், 15 எம்எம் வளையம். கதவு சாத்துற சத்தமே மாறிப்போச்சு. பழைய பிளேயர்லயே தவில் அடி இப்ப கனமா கேக்குது. புதுப் பிளேயரும் மாட்டிட்டேன், ஹை பாஸ் 80-ல இருக்கு. ஒரே ஒரு குறை: போனை சார்ஜர்ல போட்டு ஏயூஎக்ஸ் ஒயர்ல பாட்டு வச்சா "ஙீ"ன்னு ஒரு சத்தம், எண்ணெய் மிதிச்சா அதுவும் ஏறுது. எர்த்து சரியில்லையா?


கிள்ளான்_ஒயர்மேன்:

முதல்ல சார்ஜரைப் பிடுங்கிட்டு அதே ஏயூஎக்ஸ்ல கேளுங்க. சத்தம் நின்னுட்டா பிளேயர் எர்த்துல குறை இல்ல. சார்ஜர் ஒரு இடத்துல எர்த்து, பிளேயர் இன்னொரு இடத்துல எர்த்து, போன் வழியா ரெண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகுது, ஆல்டர்னேட்டர் இரைச்சல் அதுல ஏறி வருது. ப்ளூடூத்துல போட்டா வராது. ஏயூஎக்ஸ் தான் வேணும்னா கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்னு ஒரு சின்ன உருளை விக்கிறாங்க, ஏயூஎக்ஸ் ஒயருக்கு நடுவுல செருகுறது, உள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான். ரொம்ப மலிவானது பேஸைக் கொஞ்சம் சாப்பிடும்.

சார்ஜரைப் பிடுங்கியும், ப்ளூடூத்துலயும் சத்தம் வந்தா அப்போ எர்த்து. இன்ஜினை ஓட விட்டு மீட்டரை டிசி வோல்ட்டுல வச்சு, ஒரு முனையை பிளேயர் உடம்புலயும் இன்னொண்ணை பேட்டரி மைனஸ்லயும் தொடுங்க, ஒயர் பத்தலன்னா நீட்டிக்குங்க. லைட், ஏர்கோன் எல்லாம் போட்டுப் பாருங்க. 0.1 வோல்ட்டுக்கு மேல காட்டினா கறுப்பு ஒயரைச் சாக்கெட்டிலிருந்து பிரிச்சு, டேஷுக்குப் பின்னால இருக்கிற இரும்புச் சட்டத்துல பெயிண்டைச் சுரண்டிட்டு வளைய முனை போட்டு நட்டுல இறுக்குங்க. ஏரியல் பிளக்கையும் ஒரு தடவை கழட்டிப் பாருங்க. கழட்டினதும் சத்தம் நின்னா ஏரியல் அடி எர்த்துல துரு இருக்கு, கூரை லைனிங்கை இறக்கி அந்த நட்டைச் சுத்தம் பண்ணணும்.